துரைராசு வீட்டுக் கொக்குகள்

அத்தியாயம் ஐந்து

துப்பறியும் நிபுணர் பகலவன் அன்று காலை திருவிடைமருதூரில் ஒரு மொட்டை மாடியில் மண்டியிட்டு, கொக்கு எச்சத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வாசனை சார் வருது?" என்று கேட்டார் கமலவல்லி. அவர் மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அதற்கு மேல் கால் வைக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லியாகிவிட்டது.

"கொக்கு வாசனைதான்."

"நல்லவேளை. காட்டுப்பன்னி வாசனை வந்திருந்தா கேஸ் சிக்கலாயிருக்கும்."

பகலவன் எழுந்து முழங்காலைத் தட்டினான். வெள்ளை பேண்ட். எந்த மடையனாவது மோப்பம் பிடிக்கப் போகும்போது வெள்ளை பேண்ட் போடுவானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். போடுவான், போட்டிருக்கிறான், அந்த மடையன் தஞ்சாவூர் கீழவாசலில் ஆபீஸ் வைத்திருக்கிறான்.

அந்த ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. பெயர்ப்பலகையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். அதைப் பார்த்து மாடியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து வருகிறவர்கள். மீதிப் பேர் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கச் சொல்லி வருவார்கள். குடிப்பான் என்று சொன்னால் இவன் மேல் கோபப்படுவார்கள், குடிக்க மாட்டான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இப்படியாகப் பகலவனின் புகழ் கீழவாசலைத் தாண்டாமல் பத்திரமாக இருந்தது.

கமலவல்லி காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சர்க்கரை ஏறுகிறது என்று பகலவனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கிண்டல் செய்யும்போது அவனை 'சார்' என்பார், நிஜமாகப் பேசும்போது 'தம்பி' என்பார். சேர்ந்ததிலிருந்து இதுவரை பெரும்பாலும் 'சார்'தான்.

கீழே கொல்லைப்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏதாவது தெரிஞ்சுதாங்க?"

அதுதான் இந்தக் கேஸின் கட்சிக்காரர் துரைராசு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவர். முந்தின நாள் தாம்பூலத் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆபீசுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"யாரோ என் வீட்டுக்குக் கொக்கு ஏவி விடுறாங்க சார்."

"செய்வினை கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் கமலவல்லி. "கொக்குவினை இப்பதான் கேக்குறேன்."

துரைராசு சிரிக்கவில்லை. காலையில் அவர் கொல்லையில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கொஞ்ச காலமாக, அது சத்தம் போட ஆரம்பித்ததும் எங்கிருந்தோ கொக்குகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. மாடிக் கைப்பிடிச் சுவர், துணி காயப்போடும் கம்பி, கொல்லைத் தரை எல்லாம் கொக்கு. போட்ட சோற்றைத் தொடுவதில்லை. தரையையே உற்றுப் பார்க்கின்றன, பிறகு துரைராசுவைப் பார்க்கின்றன, ஜெனரேட்டரை நிறுத்தினால் போய்விடுகின்றன.

"அது கூடப் பரவால்ல சார். போன முகூர்த்தத்துல பந்தி நடக்குறப்ப கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டரைப் போட்டேன். போட்டதும் கொக்கு பந்திக்குள்ள வந்துருச்சு. பறந்து வரல சார், நடந்து வந்துச்சு. சாம்பார் வாளி தூக்கிட்டுப் போறவன் பின்னாடி வரிசையா நடந்து போவுது. மாப்பிள்ளையோட மாமா எலையில ஒண்ணு ஏறி நின்னுச்சு."

"சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார் கமலவல்லி.

"இல்லீங்க. பாத்துட்டு எறங்கிருச்சு."

"அப்ப சமையலும் சரியில்ல."

"இப்ப ஊர்ல என் பேரே கொக்கு துரைராசு. கருமாதிக்குக் கூட எவனும் கூப்பிட மாட்டேங்குறான். எல்லாம் அந்த சவுண்டு செட் மணிவண்ணன் வேலைதான் சார். என் தொழில் மேல அவனுக்கு எப்பவும் கண்ணு."

பகலவன் உடனே கேஸை எடுத்துக்கொண்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பழத்தைத் தின்றுவிட்டதால் வேறு வழியும் இல்லை. அன்று இரவே ஒரு பிரமாதமான தியரியும் தயாராகிவிட்டது. மணிவண்ணன் துரைராசு வீட்டு மாடியில் கருவாட்டுத் தூளைத் தூவுகிறான், கொக்கு மயங்கி வருகிறது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து அவனுக்குக் கருவாடு வருகிறதா என்று விசாரிக்கும் அளவுக்குத் தியரி வளர்ந்துவிட்டது. மணிவண்ணன் சுத்த சைவம் என்று காலையில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் மனது கேட்காமல்தான் இந்த மாடியை மோந்து பார்த்தது.

அப்போது அவனுடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் பகலவனுக்கு முகம் சுண்டிப்போனது. வேம்பு.

வேம்புவுக்கு நாணற்குடி. கணவன் இல்லை, ஒரே மகள். பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் சின்ன உழவு எந்திரம், பவர் டில்லர், ஒன்று வைத்திருக்கிறாள், தானே ஓட்டுவாள். பெரிய டிராக்டர் திரும்ப முடியாத துண்டு வயல்களுக்கெல்லாம் அந்த ஊரில் நடவுக்குச் சேறடித்துக் கொடுப்பது அவள்தான். கோயில் திருவிழா அன்று, ஊரே சாமி பார்க்கப் போயிருந்த நேரத்தில், கொட்டகையில் நின்ற டில்லரிலிருந்து எஞ்சினை மட்டும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். மிச்சமெல்லாம் தலையில்லாத முண்டமாக அங்கேயே நிற்கிறது. அவள் பகலவனைத் தேடி வந்தாள். பகலவன் இரண்டு பழைய இரும்புக் கடைகளில் விசாரித்தான், ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். விசாரணை அத்தோடு நின்றது.

"சார், எதுவும் தெரிஞ்சுதா?"

"விசாரணை நடந்துக்கிட்டிருக்கும்மா."

"இருக்கட்டும் சார். மேட்டூர்த் தண்ணி வாய்க்கால்ல வந்துருச்சு. எனக்காகப் பாத்துக்கிட்டிருந்தவங்கல்லாம் இனிமே பொறுக்க முடியாதுன்னு வெளியூர் டிராக்டரைக் கூப்பிட்டுட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நான் மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்புறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேத்து விடுறேன்னு சொல்லியிருக்காங்க. பாப்பாவை அக்கா வீட்ல விட்டாச்சு. அவ நேத்துலேருந்து எங்கூடப் பேசல." கொஞ்சம் நிறுத்தினாள். "எஞ்சின் கெடச்சா அக்காகிட்ட சொல்லுங்க சார்."

பகலவன் "சரிம்மா" என்றான். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தன்னை நம்பி வந்த ஒருத்தி ஊரை விட்டுப் போகிறாள், இவன் இங்கே கொக்கு எச்சத்துக்குக் காவல் நிற்கிறான். வெட்கமாக இருந்தது.

"வேம்புவா?" என்றார் கமலவல்லி.

"ஆமா. மத்தியானம் திருப்பூர் போவுதாம்."

"ம்." கமலவல்லி அதற்குக் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. "கீழ வாங்க தம்பி. இந்தக் கேஸையாவது முடிப்போம்."

கொல்லையில் இரண்டு ஜெனரேட்டர்கள் இருந்தன. ஒன்று பழசு, பெரிசு, துருப்பிடித்தது. இன்னொன்று சின்னது, நான்கு பக்கமும் தகரப் பெட்டி போட்டு மூடி, பச்சைப் பெயிண்ட் அடித்தது. புகைக்குழாயும் ஹாண்டில் போடும் முனையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் பகலவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதத்துக்கு ஒரு நல்ல யோசனை அவனுக்குத் தோன்றும், இந்த மாதத்துக்கானது அதுதான்.

"கொக்கு வரப்ப நீங்க எதை ஓட்டுவீங்க?"

"பச்சையைத்தான் சார். பழசு ரிப்பேராக் கெடந்து இப்பதான் சரியாச்சு."

"முதல்ல பழசை ஓட்டுங்க."

துரைராசு ஓட்டினார். வீடே அதிர்ந்தது. அடுத்த வீட்டு நாய் எழுந்து போனது. வானத்தில் ஒரு கொக்கு இல்லை.

"நிறுத்துங்க. இப்ப பச்சை."

துரைராசு ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். டப், டப், டப், டப் என்று பிடித்து ஓட ஆரம்பித்தது. சுகமான ஓட்டம்தான். ஆனால் இடையிடையே, ஓடுகிற ஓட்டத்தில், க்கும் என்று ஒரு விக்கல். விக்கிவிட்டு மறுபடி டப், டப். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகவில்லை, கிழக்கே பனைமர உயரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் ஐந்தாறு, பிறகு ஒரு கூட்டம். மாடிச் சுவரில் இறங்கி, அங்கிருந்து கொல்லைக்குத் தாவி, பச்சைப் பெட்டியைச் சுற்றி நின்றன. தரையைப் பார்த்தன. ஒன்று பகலவனின் ஷூவைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு நகர்ந்தது.

"ஏன் இப்படி வந்து நிக்குது?" என்றான் பகலவன்.

"ஏதாவது வேலை வராதான்னு தினம் வந்து பாக்குது சார்," என்றார் கமலவல்லி. "நீங்க ஆபீஸ் வர மாதிரி."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பெட்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். விக்கல் வந்தது. இன்னொரு முறை வந்தது. "மூடியைத் திறந்து காட்டுங்களேன்," என்றார்.

"சூடா இருக்குங்க. கை வைக்க முடியாது," என்றார் துரைராசு, அவசரமாக.

கமலவல்லி தலையாட்டினார். அதற்குப் பிறகு மூடியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பகலவன் அதைக் கவனித்தான். தன்னுடைய புத்திசாலித்தனத்தைக் கண்டு வாயடைத்துப் போய்விட்டார் என்று முடிவு செய்துகொண்டான்.

"மணிவண்ணனுக்கு இதுல சம்பந்தமில்ல," என்று அறிவித்தான். "குத்தம் இந்த மெஷின்லதான் இருக்கு. மாடியிலயும் இல்ல, வீட்லயும் இல்ல. இதை வேற எடத்துக்குக் கொண்டு போய் ஓட்டிப் பாப்போம். அங்கயும் வந்துச்சுன்னா முடிஞ்சுது."

"வெட்டவெளியா இருந்தா நல்லது," என்றார் கமலவல்லி. "ஆத்தங்கரைக்குப் போவோமே."

துரைராசு ஒப்புக்கொண்டார். ஜெனரேட்டரை அவருடைய குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் சாமிதுரைக்குப் பக்கத்தில் கமலவல்லி உட்கார்ந்துகொண்டார், மூட்டுவலி. பின்னால் பச்சைப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி பகலவனும் துரைராசுவும் உட்கார்ந்தார்கள். பெரிய துப்பறிவாளர்கள் காரில் போவார்கள். பகலவன் ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனான், பேண்ட்டில் கொக்கு எச்சத்துக்குப் பக்கத்தில் டீசலும் சேர்ந்துகொண்டது.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஆற்றங்கரை இவ்வளவு தூரமா என்று பகலவன் நினைத்த நேரத்தில் தலைக்கு மேலே ஒரு சிமெண்ட் வளைவு கடந்தது. தாண்டிய பிறகுதான் எழுத்து தெரிந்தது. 'நாணற்குடி ஊராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது.'

துரைராசுவும் அதைப் படித்தார். அவர் கை பெட்டியிலிருந்து நழுவியது.

"இந்த ஊர் வேண்டாம் சார்."

"ஏன்?"

"ஒரே சேறா இருக்கும். தண்ணி விட்டுருக்காங்க."

"எல்லா ஊர்லயும்தான் விட்டுருக்காங்க."

"இங்க வேண்டாம் சார். வேற எங்க வேணாலும் போவோம்." துரைராசு முன்பக்கத் தகரத்தைத் தட்டினார். "சாமிதுரை, நிறுத்துடா." உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. சாமிதுரைக்குப் பாட்டே பிடிக்காது என்பது பகலவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தது கமலவல்லி.

துரைராசு பின் கதவின் மேல் ஒரு காலைப் போட்டார். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் போகிறார். ஒரு மனுஷனுக்கு ஒரு ஊர் மேல் இவ்வளவு பயம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே பகலவன் அவர் சட்டையைப் பிடித்தான். பிடித்த நொடியில் கையும் மூளையும் ஒன்றாக வேலை செய்தன.

வேம்பு முதல் நாள் ஆபீசில் வந்து உட்கார்ந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. 'என் வண்டி ஓடுறப்ப விக்கும் சார். சரி பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். வரப்புல நிக்கிறவங்க அந்தச் சத்தத்தை வச்சே வேம்பு வந்துட்டான்னு கண்டுக்குவாங்க.' சொன்னதோடு நிற்காமல் வாயாலேயே ஓட்டிக் காட்டினாள். டப், டப், டப், க்கும். பகலவன் அப்போது பெயர்ப்பலகைக்குப் புதுப் படம் வைக்கலாமா என்று போனில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமலவல்லி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சேறடிக்கிற வண்டிக்குப் பின்னால் கொக்கு நடக்கும். புரண்டு வருகிற சேற்றில் புழுவும் பூச்சியும் கிடைக்கும். வேம்புவின் விக்கலை வரப்பில் நிற்கிறவர்களைப் போலவே கொக்கும் கண்டுகொள்ளும். பிறந்ததிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்து வயலைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தவன்தான் மாடியைக் கருவாட்டுக்காக மோந்து பார்த்தான்.

வண்டி நின்றது. கமலவல்லி இறங்கிப் பின்னால் வந்து, பகலவன் கையில் தொங்கிக்கொண்டிருந்த துரைராசுவைப் பார்த்தார்.

"ஆத்தங்கரை வந்துருச்சா?" என்றான் பகலவன்.

"வழி தவறிருச்சு சார்."

வாய்க்கால் ஓரம் பஸ் நிற்கும் இடம். எதிரே வயலில் வெளியூர் டிராக்டர் ஒன்று சேறடித்துக்கொண்டிருந்தது, அதன் பின்னால் கொக்குக் கூட்டம். நிழற்குடையில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேம்பு உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்து எழுந்தாள். பகலவன் துரைராசுவைக் கமலவல்லியிடம் ஒப்படைத்தான். வண்டியில் இருந்தபடியே ஹாண்டிலைப் பிடித்துச் சுற்றினான். முதல் சுற்றில் பிடிக்கவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் தோள்பட்டை கழன்ற மாதிரி வலித்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டப், டப், டப், க்கும்.

டிராக்டருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கொக்குகள் நின்றன. கழுத்தை நீட்டின. பிறகு மொத்தமாக எழும்பி, அத்தனை பெரிய டிராக்டரை அம்போ என்று விட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டி வந்து குட்டியானையைச் சுற்றி இறங்கின. டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

வேம்புவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் ஓடி வந்தாள். வண்டியில் ஏறி, யாரையும் கேட்காமல் தகர மூடியைத் தூக்கி எறிந்தாள். உள்ளே பச்சைப் பெயிண்ட்டுக்கு அடியில், சைலன்சர் ஓட்டையை அடைக்க அவள் பவுடர் டப்பாத் தகட்டை வெட்டி வைத்துக் கட்டிய கம்பிக்கட்டு அப்படியே இருந்தது. அவள் எஞ்சின் மேல் கையை வைத்தாள். சூடு தாங்காமல் எடுத்தாள், மறுபடி வைத்தாள். அழுதாள்.

துரைராசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "திருவிழாவுக்கு லைட் போட வந்தேம்மா. என் மெஷின் படுத்துருச்சு, ஊரே காறித் துப்புச்சு. மறுநாள் முகூர்த்தம் வேற ஒத்துக்கிட்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு மட்டும்னுதான் கழட்டினேன். அப்புறம் திருப்பிக் கொண்டாந்து வைக்கப் பயமாயிருச்சு."

"பயந்தவரு, கொக்கைப் பிடிக்க எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் கமலவல்லி.

"கொக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

பகலவனுக்கு அந்த வார்த்தையில் ஒரு சொந்தம் தெரிந்தது. அந்த இடத்தில் தன்னைப் போலவே இன்னொருவனும் இருக்கிறான். என்ன ஒன்று, அவன் திருடன். கட்சிக்காரரையே பிடித்துக் கொடுத்த முதல் துப்பறிவாளன் என்று பெயர்ப்பலகையில் எழுதிவிடலாம். அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் வருவார் என்பது வேறு விஷயம்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "வேம்பு, வரியா இல்லியா?"

வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரல. நீங்க போங்க."

பஸ் போனது. அவள் துரைராசு பக்கம் திரும்பினாள். "கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியும்ல. வாங்க, வந்து மாட்டுங்க."

"ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டேன்," என்றார் கமலவல்லி. "சாப்பிட்டுட்டு வரோம்னாங்க. அதுக்குள்ள நட்டு போல்ட்டு முடிஞ்சுரும்."

முடிந்தது. கொட்டகையில் நின்ற முண்டத்தில் எஞ்சின் பழைய ஓட்டைகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. துரைராசு முழங்கை வரை கிரீஸோடு வேலை செய்தார், சாமிதுரை ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். வேம்பு ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் பேசினாள். "அக்கா, பாப்பாவைக் கூட்டிட்டு வா. ஏன்னு கேக்காத, வாய்க்காலுக்கு வா."

போலீஸ் ஜீப் வந்து துரைராசுவை ஏற்றிக்கொண்டு போனபோது டில்லர் வயலில் இறங்கிவிட்டது. இரும்புச் சக்கரம் சேற்றைப் புரட்டிப் போட்டது, வண்டி விக்கிக்கொண்டே போனது. பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்தன. இந்த முறை அவற்றுக்குப் புழு கிடைத்தது.

பகலவன் பேண்ட்டை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினான். வேம்பு ஒரு வார்த்தை நன்றி சொல்வாள், தலையாட்டிவிட்டு வரலாம் என்ற ஆசை. அதைக் கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்தும் இறங்கினான். டில்லர் திரும்பி அவனை நோக்கி வந்தது. வேம்புவின் முகமெல்லாம் சேறும் சிரிப்பும்.

"சார்," என்று கத்தினாள்.

"சொல்லும்மா."

"ஓரமா நில்லுங்க. கொக்கு நடக்குற எடம்."

வரப்பிலிருந்து கமலவல்லி கையை நீட்டினார். "மேல வாங்க தம்பி. கேஸை முடிச்சவங்க வேலை பாக்கட்டும்."